சுட்ட பழத்துக் கொட்டை

கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. இன்னும் கிட்ட. கச்சான் காற்று அடிக்கிறது. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதையைக் காற்றே தின்றுவிடும். கால் மடக்க முடியாதவர்கள் அந்த வலைமூட்டையில் சாய்ந்துகொள்ளுங்கள். இரண்டு பொம்பளைகளையும் ஒரு கூடைப் பனங்கொட்டையையும் பற்றி ஒரு கதை சொல்கிறேன். கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அழ மாட்டார்கள். அதை இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்மேட்டில் முகட்டுக்குப்பம் என்று ஓர் ஊர். ஊருக்கு வடக்கே பனந்தோப்பு. ஒரு காலத்தில் அங்கே ஆவணி மாதம் நடக்கவே பயப்படுவார்கள், தலையில் பழம் விழும் என்று. விழுந்த பழத்தை மாடு சப்பும், பன்றி சப்பும், மிச்சம் மணலில் புதைந்து தானே முளைக்கும். பனங்கொட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மணலைப் பற்றிப் பேசுவோமா, அப்படித்தான்.

பிறகு செங்கல் சூளைக்கு என்று மரம் போனது. புயலில் கொஞ்சம் போனது. மிச்சம் நின்ற மரத்திலும் சித்திரை வைகாசியிலேயே குலையை வெட்டி, நெடுஞ்சாலையில் நுங்கு விற்க ஏற்றிவிட்டார்கள். நுங்காகவே தின்று தீர்த்தால் பழம் ஏது, கொட்டை ஏது? அப்படிக் குறைந்துகொண்டே வந்த நேரத்தில்தான் எல்லா ஊர்க்காரர்களுக்கும் பனை மேல் ஆசை வந்தது. ஏரிக்கரையில் நடுகிறோம், குளக்கரையில் நடுகிறோம் என்று கொட்டை கேட்டு ஆள் வந்தார்கள். ஆரம்பாக்கத்தில் இருந்து தேவதாஸ் என்கிறவர் குட்டியானை வண்டியோடு வருவார். வண்டியை நிறுத்திவிட்டு அவர் புலம்புவதை ஊரே கேட்டிருக்கிறது.

"எங்கயும் கொட்ட இல்லம்மா. முன்ன ஒரு ஊர்லயே வண்டி ரொம்பிடும். இப்ப ஊர் ஊரா சுத்துறேன், டீசல்தான் காலியாவுது. மரம் கம்மி ஆயிடுச்சு, நடுறவன் ஜாஸ்தி ஆயிட்டான்."

"நடுறவன் ஜாஸ்தி ஆனா மரமும் ஜாஸ்தி ஆவணுமே?" என்று யாரோ கேட்டார்கள்.

"நட்டா போதுமா? பனங்கொட்ட மொளைக்குதா இல்லையான்னு நின்னு பாக்கணும் இல்ல? போட்டோ எடுத்ததும் பூடுறானுங்க. மறு வருசம் அதே எடத்துல திரும்பி நடுறானுங்க. எனக்கு இன்னா, வியாபாரம்."

இப்படிக் கிராக்கி வந்ததும் தோப்பில் பொம்பளைகள் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட ஆரம்பித்தார்கள். கிராமத்தார் கூடினார்கள். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறோமே, பாடு என்று, அதையே பனைக்கும் வைத்துவிட்டார்கள். தலைக்கட்டுக்கு இன்னின்ன நாள். அன்றைக்கு விழுகிற பழம் அந்த வீட்டுக்கு. இதற்குப் பனைப் பாடு என்று பெயர்.

அதிலும் ஒரு குறை வந்தது. கீழே விழுந்த கொட்டையெல்லாம் பொறுக்கியாயிற்று. தாய் மரத்துக்கு அடியில் ஒரு குட்டி மரம் இல்லை. உப்புத்தண்ணி ஏரிக்கும் ஊரின் நல்லதண்ணிக் கிணற்றுக்கும் நடுவே ஒரு கரை உண்டு. அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு நின்றது கிழட்டுப் பனைகள்தாம். அவையும் சாய ஆரம்பித்தன. ஊர்த் தலைவர் முத்துராஜ் ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு தலைக்கட்டும் விற்பதற்கு முன்னால் ஒரு கூடை கொட்டையைக் கரையில் ஊர்ப் பாத்தியில் புதைக்க வேண்டும். வலை மிதவைக் கட்டையில் அந்தந்த வீட்டு அடையாளம் வெட்டுவார்கள் இல்லையா, அப்படி ஒரு கட்டையைக் குச்சியில் கட்டித் தங்கள் பங்கில் நட வேண்டும். முதல் வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? நல்லதை விற்றுவிட்டுப் பூச்சி தின்றதைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அதனால் மறு வருஷம் சட்டம் இறுகியது. தை மாதம் தோண்டிப் பார்ப்பார்கள். எவர் பங்கு முளைக்கவில்லையோ அவர்களுக்கு அடுத்த வருஷம் பனைப் பாடு கிடையாது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இது தெரியாமல் இந்திராணிக்கும் லோகநாயகிக்கும் நடுவே நடந்தது புரியாது.

தேவேந்திரனும் சின்னதம்பியும் அண்ணன் தம்பி. ஒரே படகு, ஒரே வலை, ஊர்க் கணக்கில் ஒரே தலைக்கட்டு. அண்ணன் பெண்டாட்டி இந்திராணி. தம்பி பெண்டாட்டி லோகநாயகி, ஆரம்பாக்கத்துப் பெண். மாமியார் இருந்தவரை ஒரே உலையில் சோறு வெந்தது. அவள் போனதும் வீட்டுக்கு நடுவே ஓலைத் தட்டி வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் கருவாடு சுட்டால் இந்தப் பக்கம் கண் எரியும். பேச்சு நின்றது எப்படி என்றால், ஒரு நாள் ஏலக்கூடத்தில் வியாபாரிகள் நிறைந்திருக்கும்போது, "எங்க வூட்டு சின்னவ கூடயில கைய வுட்டு நல்லா பாத்து எடுங்க, அடியில ஐஸ் தண்ணி கீது, எடைக்கு ஊத்தி இருப்பா" என்று இந்திராணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு லோகநாயகியின் இறாலை யாரும் கேட்கவில்லை. வெயிலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "என் எறா நாறுனா நாறட்டும், சிலர் வாயி வருசம் பூரா நாறுது" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வசவுக்கு மட்டும்தான் வாய் திறந்தார்கள்.

ஆனால் பனைப் பாட்டுக்கு இரண்டு பேரும் போயாக வேண்டும். தலைக்கட்டு ஒன்று என்றால் முறையும் ஒன்று. இந்திராணிக்கு அது விட முடியாத முறை. அவள் மகள் பூவிழி பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். மழைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது பூவிழியின் பஸ் செலவும் பரீட்சைக் கட்டணமும் வருவது பனங்கிழங்கில்தான். கொட்டையை மணல் பாத்தியில் அடுக்கி மூடிவிட்டால் தை மாதம் கிழங்கு. பொன்னேரி சந்தையில் கட்டுக் கட்டாகப் போகும்.

போன ஆவணியில் அவர்கள் முறை வந்த காலையில் தோப்பில் நடந்ததைக் கேளுங்கள். வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கிறது. மணல் ஈரமாக இருக்கிறது. பழுத்த பனம்பழத்து வாசனை காற்றோடு சேர்ந்து தலையைக் கிறுகிறுக்கச் செய்கிறது. ஒரே பழத்துக்கு இரண்டு பேரும் குனிந்தார்கள்.

"எக்கா, அத்த வுடு. நான் பாத்தது அது."

"நீ பாத்தா உன்னுதா? வானத்துல நிலாவக்கூடத்தான் பாக்குற. எட்த்து மடில கட்டிக்கோ."

"நிலாவ நீ வெச்சிக்கோ. பழத்த வுடு."

"கை பட்டவளுக்குத்தான் பழம்."

"கை எங்க பட்டுது, உன் காலுதான பட்டுது. காலு பட்ட பழத்த நாய்தான் தின்னும்."

"அப்ப நீயே எட்த்துக்கோ."

லோகநாயகி எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டபடியே, "நான் நாயா இருந்தா இந்நேரம் உன் கணுக்காலுல சத கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். சுற்றிலும் பொறுக்க முறை இல்லாத பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது சினிமா.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு குவியல். பழத்தின் சதையைப் பிழிந்து எடுத்துவிட்டு, நாரோடு இருக்கிற கொட்டையை வெயிலில் காயப் போட்டுக் குவித்து, மேலே பழைய வலையைப் போர்த்தி வைப்பார்கள். இந்திராணியின் வலை நீலம். லோகநாயகியுடையது பச்சை. நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும்.

ஊர்ப் பாத்திக்குக் கூடை போட வேண்டிய நாள் நெருங்கியது. அண்ணனும் தம்பியும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பேச்சை எடுத்தார்கள். தங்கள் பெண்டாட்டிகளிடம் நேராகப் பேச இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

"சின்னதம்பி, கூட போவணுமே."

"போவணும். அண்ணிகிட்ட சொல்லு."

"ஏன், உன் ஊட்டுக்காரிகிட்ட சொல்லேன்."

"போன வருசம் நாங்க போட்டோம்னு சொல்லுது."

"இவளும் அதையேதான் சொல்றா."

"அப்ப போன வருசம் ரெண்டு கூட போயிருக்கணுமே?"

"ஒரு கூடதான் போச்சு."

அதற்கு மேல் இரண்டு பேரும் வலையைப் பொத்தினார்கள். போன வருஷம் போட்டது யார் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். இரண்டு பேருமே தான்தான் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் சாட்சி உண்டு. அதை விட்டுவிடுவோம்.

இந்திராணி சோறு போடும்போது புருஷனிடம் சொன்னாள்: "இந்த வருசம் சின்னவ முறை. என் குவியல்ல இருந்து ஒரு கொட்ட போவாது. பாடு போனா அவளுக்கும்தான் போவுது. எத்தன நாள் வீம்பு புடிக்கிறான்னு பாக்குறேன்."

இந்த வார்த்தை ஓலைத் தட்டியைத் தாண்டிப் போனது. போக வேண்டும் என்றுதான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, ஏலம் முடிந்து வெறுங்கூடையோடு வந்த இந்திராணி, தன் நீல வலை வேறு மாதிரி போர்த்தியிருப்பதைப் பார்த்தாள். அவள் எப்போதும் வலை முனையைக் கல்லுக்கு அடியில் செருகுவாள். இப்போது முனை கல்லுக்கு வெளியே கிடந்தது. குவியலின் பக்கவாட்டில் ஒரு சரிவு. மறு நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தான் ஏலக்கூடத்துக்குப் போகிற காலை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டை போகிறது. எடுக்கிறவள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பச்சை வலைக்காரியைத் தவிர வேறு யார் அந்தக் கொல்லைக்குள் வருவார்கள்?

வேறொருத்தியாக இருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பாள். இந்திராணி கத்தவில்லை. அதுதான் அவளிடம் பயப்பட வேண்டிய விஷயம். அன்று சாயங்காலம் பனம்பழத்தைப் பிழியாமல் முழுசாக அடுப்புத் தணலில் போட்டாள்.

சுட்ட பனம்பழம் தின்றிருக்கிறீர்கள்தானே? தோல் கருகி, உள்ளே மஞ்சள் சதை கொழகொழவென்று தேனாக இருக்கும். பூவிழி நாரைப் பல்லால் சீவிச் சீவித் தின்றாள். தேவேந்திரனும் தின்றான். நாலைந்து நாள் தொடர்ந்து அதுவே நடந்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னாடி, தெனம் சுட்ட பழம்? வயிறு கடமுடான்னுது."

"ஆசையா செஞ்சு குடுத்தா துன்னேன்."

"நீ ஆசையா செஞ்சு நான் பாத்ததே இல்லயே, அதான் கேட்டேன்."

"பேஜாரு பண்ணாத. துன்னு."

இங்கே ஒன்று கவனியுங்கள், கண்ணுகளா. நெருப்பில் போட்ட பழத்துக் கொட்டை முளைக்காது. உள்ளே இருக்கிற உயிர் வெந்துபோயிருக்கும். எங்கள் பக்கத்தில் பழம் சுட்டால் கொட்டையைக் கையோடு வெட்டி அடுப்பில் எரித்துவிடுவார்கள். நல்ல குவியலோடு அது கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு பகை இருந்தாலும் அதை மட்டும் யாரும் செய்ததில்லை. இந்திராணி செய்தாள். சுட்ட கொட்டையை மணல் போட்டுத் தேய்த்துக் கரியைப் போக்கினாள், ஏரித் தண்ணீரில் அலசினாள், காயவைத்தாள். குவியலின் மேலே, கைக்கு எட்டுகிற பக்கத்தில் பரப்பினாள். நீல வலையைப் போர்த்தி முனையைக் கல்லுக்கு அடியில் செருகினாள்.

மறு நாள் முனை கல்லுக்கு வெளியே கிடந்தது.

இந்திராணி அன்றைக்கு மடவை மீன் குழம்பு வைத்தாள். தாளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள் என்று பூவிழி சொல்கிறாள். எடுக்கட்டும், எடுத்துப் பாத்தியில் அடுக்கட்டும், தை மாதம் தோண்டும்போது தெரியும், என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம். பனங்கொட்டை மேல்நோக்கி முளைக்காது. கீழ்நோக்கித்தான் முளை விடும். தோண்டுகிற நாள் வரை எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று மணலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. பகை வைத்துக் காத்திருக்கிறவளுக்கு இதைவிட வசதியான பயிர் உண்டா?

கூடை போட வேண்டிய கடைசி நாள் காலையில் கரைப் பக்கம் போன தேவேந்திரன் வந்து சொன்னான்: "நம்ம கட்ட நட்டு கீது. ரெண்டு கோடு, நடுவுல புள்ளி. கூட போயிடுச்சு."

"எறங்கி வந்துட்டா பாத்தியா?" என்றாள் இந்திராணி, தட்டியைப் பார்த்து. "வீம்பு புடிச்சவங்க எல்லாம் கடைசில கூடயத் தூக்கிகினு ஓட வேண்டியதுதான்."

தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து லோகநாயகி சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்திராணிக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. தோற்றவள் வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மிச்சக் குவியலில் சுட்டதை எல்லாம் தேடிப் பொறுக்கி எரித்துவிட்டு, நல்லதைத் தன் பாத்தியில் அடுக்கினாள்.

ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். வானம் பொத்துக்கொண்டது. கடலுக்குப் போகக் கூடாது என்று கொடி ஏற்றிவிட்டார்கள். ஏரித் தண்ணீர் கரை விளிம்பில் நக்கியது. ஆண்கள் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே சீட்டாடினார்கள். பெண்கள் கருவாட்டுப் பானையின் அடியைத் துழாவினார்கள். தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கஞ்சிதான். ஆனால் இந்திராணிக்கு அந்த மழைக்காலம் முழுக்க வயிறு நிறைந்தே இருந்தது.

"தை வரட்டும்" என்பாள் திடீரென்று, யாரும் எதுவும் கேட்காமல்.

"தை வந்தா இன்னாம்மா?" என்பாள் பூவிழி.

"கிழங்கு வரும்."

தை வந்தது. கிழங்கு பிடுங்குவதற்கு முன்னால் ஊர்ப் பாத்தியைத் தோண்டிப் பார்ப்பது வழக்கம். பனி விலகி வெயில் ஏறும்போது ஊரே கரையில் நின்றது. ஒரு பக்கம் ஏரி, தள்ளி நாரைக் கூட்டம். இன்னொரு பக்கம் கீழே நல்லதண்ணிக் கிணறு. முத்துராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஒவ்வொரு கட்டையாக வந்தார். ஓரத்தில் ஒரு குழி. கொட்டைக்குக் கீழே வெள்ளையாக முளை இறங்கியிருந்தால், "இருக்குது" என்பார். மண்ணை மூடுவார்கள். இருக்குது. இருக்குது. இருக்குது.

இரண்டு கோடும் நடுவில் புள்ளியுமாக இருந்த கட்டைக்கு வந்தார். தோண்டினார். கொட்டை வந்தது, முளை வரவில்லை. இன்னொரு இடத்தில் தோண்டினார். அதே. நட்ட நடுவில் தோண்டினார். நாரோடு உருண்டை உருண்டையாக, புதைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வந்தது.

"தேவேந்திரா, இன்னா இது?"

தேவேந்திரன் தம்பியைப் பார்த்தான். தம்பி மணலைப் பார்த்தான். முத்துராஜ் அரிவாளால் ஒன்றைப் பிளந்தார். முளைத்த கொட்டையாக இருந்தால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். இது பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது.

"அழுவல. பூச்சியும் இல்ல" என்றார்.

லோகநாயகி முன்னால் வந்து ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். முகர்ந்தாள். நாரை நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற இந்திராணியைப் பார்த்தாள்.

இந்திராணிக்கு அந்த நொடியில்தான் புரிந்தது, ஆவணி மாதம் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்ட சிரிப்பு. தன் குவியலில் இருந்து போன கொட்டை லோகநாயகியின் பாத்திக்குப் போகவில்லை. நேராக இங்கேதான் வந்திருக்கிறது.

"யாரு போட்டது இந்தக் கூட?" என்று கேட்டார் முத்துராஜ்.

"நான்தான் தலைவரே" என்றாள் லோகநாயகி.

"நெருப்புல வெந்த கொட்ட இது. ஊர்ப் பாத்தில கொண்டாந்து கொட்டிகீற?"

கூட்டத்தில் ஒரு இரைச்சல் எழுந்தது. "அய்யய்ய, பொம்பளையா இவ?" என்று ஒருத்தி. "ஐஸ் தண்ணி ஊத்துனவதான" என்று இன்னொருத்தி. "எங்க மானத்த வாங்கிட்டியேடி" என்று சின்னதம்பி கத்தினான். ஒருவன் குனிந்து மிதவைக் கட்டையைப் பிடுங்கி எறிந்தான். அது உருண்டு கிணற்றுப் பக்கம் போனது.

லோகநாயகி வாயே திறக்கவில்லை. எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்டால் திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் பேசவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அங்கே நின்றவர்கள் சொன்னது வேறு. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு அவள் இந்திராணியையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். உதட்டோரம் ஒரு சிரிப்பு. நீ செய்ததை நான் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், இனி சாகிறவரை என் முன்னால் நீ வாயைத் திறக்க முடியாது, என்கிற சிரிப்பு.

இந்திராணி எதை வேண்டுமானாலும் தாங்குவாள். லோகநாயகி தன்னைக் காப்பாற்றினாள் என்பதை அவளால் தாங்க முடியாது.

"தலைவரே" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி வந்தாள். "அவளுக்கு எங்க அவ்வளவு மூள கீது? நெருப்புல போட்டது நான். தேச்சு, கழுவி, என் குவியல் மேல வெச்சதும் நான். திருடுறவ துன்னட்டும்னு வெச்சேன்."

லோகநாயகியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"யாரு திருடி?" என்றாள். "நானா திருடி? ஆமா எட்த்தேன். தெனம் மடில கட்டி எட்த்தேன். எட்த்து எங்க வெச்சேன்? எங்கம்மா ஊட்லயா வெச்சேன்? போன வருசம் நான் போட்டேன் தலைவரே. இந்த வருசம் பெரியவ முறை. பெரியவ முறைக்குப் பெரியவ கொட்டதான் போவணும். கேட்டா குடுப்பாளா இவ? பாடு போவட்டும்னு காலாட்டிகினு ஒக்காந்து இருந்தா. அதான் எட்த்தேன்."

"போன வருசம் நீயா போட்ட? உன் நாக்கு அழுவ!"

"பின்ன யாரு, உங்க நைனாவா வந்து போட்டாரு?"

"எங்க நைனாவப் பேசுன, பல்ல ஒடைப்பேன்!"

"ஒடை. சுட்ட பழம் துன்ன பல்லுதான உன்னுது, என்னுது கெட்டிப் பல்லு!"

முத்துராஜ் மண்வெட்டியைத் தரையில் ஓங்கிக் குத்தினார். "வாய மூடுங்க ரெண்டு பேரும். எட்த்தது ஒரு தப்பு. வேகவெச்சது பெரிய தப்பு. அடுத்த வருசம் உங்க தலைக்கட்டுக்குப் பனைப் பாடு கெடயாது. அதோட முடியல. இந்த எடம் காலியா கெடந்தா தண்ணி இப்புடிக்காதான் கிணத்துல எறங்கும். தை மாசத்துல கொட்டைக்கு எங்க போவீங்க? உலகத்துலயே கெடயாது. உங்க ரெண்டு ஊட்டுப் பாத்தியும் தோண்டுங்க. கிழங்கு ஒடையாம, கொட்டையோட எட்த்தாந்து இங்க நடுங்க. பொழைக்கிறது பொழைக்கட்டும்."

இந்திராணியின் குரல் அப்போதுதான் இறங்கியது. "தலைவரே, அது என் பொண்ணு காலேஜு."

"இது ஊரு கிணறு" என்றார் அவர்.

அன்றைக்கே இரண்டு பாத்தியும் தோண்டப்பட்டன. என்ன கிழங்கு தெரியுமா, முழங்கை நீளம், தந்தம் மாதிரி. பொன்னேரி சந்தையில் வைத்தால் ஓடிவந்து வாங்குவார்கள். அதை ஒன்று ஒன்றாகக் கொட்டையோடு தூக்கிக் கூடையில் படுக்கவைத்துச் சுமந்தார்கள். பூவிழியும் சுமந்தாள். கரையில் கூடையை இறக்கும்போது தாயின் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ம்மா, சுட்ட பழம் நல்லாத்தான் இருந்துச்சு."

இந்திராணி கூடையிலிருந்து கிழங்கை எடுத்து மணலில் இறக்கினாள். பூவிழி இப்போது தினமும் காலேஜ் முடிந்ததும் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பரீட்சைக் கட்டணத்தை அவளேதான் கட்டிக்கொண்டாள்.

நடுகிற வேலையிலும் ஒற்றுமை வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? லோகநாயகி ஒரு பழைய வலைக்கயிற்றைக் கொண்டுவந்து அவர்கள் பங்குக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். "இந்தப் பக்கம் என்னுது. உன் கை வெந்த கை, கயித்தத் தாண்டி வராத."

"உன் கை நீண்ட கை. கயித்துல வெச்சே கட்டிக்கோ" என்றாள் இந்திராணி.

நட்டதில் பெரும்பாலானது பட்டுப்போயிற்று. கிழங்கு விட்ட பிறகு இடம் மாற்றினால் பனை கோபித்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் இரண்டு பேரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இவள் காலையில் வருவாள், அவள் சாயந்திரம் வருவாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாலைந்து இலை மேலே வந்தது, அந்தப் பக்கம் நாலைந்து. அதையும் எட்டி எட்டி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

நட்ட நடுவில், கயிற்றுக்கு நேர் கீழே, ஒரு முளை விசிறி மடித்த மாதிரி எழும்பியது. எல்லாவற்றிலும் அதுதான் கெட்டி.

"என் தண்ணில வந்தது."

"உன் தண்ணில வந்துருந்தா வெந்து இல்ல வந்துருக்கும்?"

தேவேந்திரனும் சின்னதம்பியும் இப்போது படகை விட்டு இறங்கவே யோசிக்கிறார்கள். முத்துராஜிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் முறையிட்டார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். காலையில் இந்திராணி வருகிறாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அந்தக் கயிற்றை ஒரு விரல்கடை அந்தப் பக்கம் நகர்த்திக் கட்டுகிறாள். கன்று அவள் பக்கத்தில் வந்துவிடுகிறது. தன் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறாள். சாயந்திரம் லோகநாயகி வருகிறாள். கயிற்றைத் திருப்பி இந்தப் பக்கம் நகர்த்துகிறாள். கன்று அவளுடையதாகிவிடுகிறது. அவளும் ஊற்றிவிட்டுப் போகிறாள். கரையிலே உள்ள அத்தனை கன்றுக்கும் ஒரு பங்குத் தண்ணீர். பகையில் முளைத்த அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு பங்கு. இரண்டாவது ஓலையும் விட்டுவிட்டது.

சரி, எழுந்திருங்கள், என் தங்கங்களா, காற்று திரும்பிவிட்டது. உங்கள் வீட்டுக் குவியலில் ஒரு நாளும் வெந்த கொட்டை கலக்காதிருக்கட்டும். உங்கள் கிணற்றில் உப்பு ஏறாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் சண்டை போட்டால் வாய் வலிக்கிற வரை போடட்டும், விதை மேல் மட்டும் கை வைக்காதிருக்கட்டும். நீங்கள் மண்ணில் மூடி வைத்ததெல்லாம், தோண்டிப் பார்க்கிற நாளில், கீழே வெள்ளையாக இறங்கியிருக்கட்டும்.